ஆர்.ஓ. நீர் வந்தபின் அம்மோனியா ஏறியது ஏன்? மணலி ஆலையொன்றின் கழிவுநீர் நிலையம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடசென்னையின் மணலித் தொழிற்பகுதியில் பல்லாண்டுகளாக இயங்கிவரும் நடுத்தர அளவிலான வேதிப்பொருள் ஆலையொன்றில், வடகிழக்குப் பருவமழையின்போது தலைகாட்டிக் கோடை தொடங்குமுன் தீர்ந்த ஒரு சிக்கலை இங்கே பதிவு செய்கிறேன். ஆலையையும் ஆட்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டிய தேவை எழவில்லை. உற்பத்திப் பிரிவை ஒரு வேதிப் பொறியாளரும், கழிவுநீர் நிலையத்தை ஒரு சுற்றுச்சூழல் பொறியாளரும் கவனித்து வந்தனர்; கழிவைத் தின்னும் நுண்ணுயிர்த் திரளான கசடின் உயிரியல் நிலையைப் பார்ப்பதற்கு நுண்ணுயிரியல் படித்த ஆலோசகர் ஒருவர் அவ்வப்போது வந்து போனார். சிக்கல் முற்றிய பிறகு அழைக்கப்பட்டவன் நான்.

அந்த ஆலையின் கழிவுநீரில் கரிமப் பொருளோடு அம்மோனியாவும் கணிசமாக இருக்கும். அதன் பெரும்பகுதி, உற்பத்தியின் நடுநிலைப்படுத்தும் கட்டத்தில் உண்டாகும் அம்மோனியம் சல்பேட் உப்பிலிருந்து வருவது. சமநிலைத் தொட்டியில் எரிசோடா விட்டு பிஎச் 7-க்குக் கொண்டுவரப்பட்ட நீர், காற்றூட்டத் தொட்டிக்கும் அங்கிருந்து, கசடு அடியில் படிந்து பிரியும் தெளிவிப்பானுக்கும் செல்லும். இது 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெனும் லாக்கெட்டும் உருவாக்கிக் காட்டிய செயலூட்டிய கசடு முறையின் எளிய வடிவமே. இந்த நிலையம் பல ஆண்டுகளாகப் பெரிய தொல்லையின்றி ஓடியது. வெளியேறும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டியது அரிது.

நீர் மாறிய விதம்

ஆலை நெடுங்காலம் கிணற்று நீரையும் லாரி நீரையும் நம்பியிருந்தது. இரண்டும் கடின நீர்; கொதிகலனிலும் குளிர்விப்புக் கோபுரத்திலும் உப்புப் படிவது அன்றாடத் தலைவலி. கொடுங்கையூரில் நகரக் கழிவுநீரை எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வரை சுத்திகரித்து மணலி, எண்ணூர் பகுதி ஆலைகளுக்கு அனுப்பும், நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் திறனுள்ள நிலையம் 2019-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அந்த நீருக்கு மாறுவதென்று நிர்வாகம் சில ஆண்டுகள் கழித்து எடுத்த முடிவு எல்லா வகையிலும் நியாயமானது. நிலத்தடியில் உவர்நீர் ஏறிவரும் ஒரு கடலோரப் பகுதியில் கிணற்றை ஓய்வெடுக்க விடுவது நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் கொதிகலன், அடுத்துக் குளிர்விப்புக் கோபுரம், கடைசியாக உற்பத்தித் தொகுதிகள் என்று படிப்படியாக நடந்தது. ஆர்.ஓ. நீரில் உப்பு குறைவு என்பதால், கோபுரத்து நீரை முன்பைவிடப் பல சுற்று கூடுதலாகச் சுழலவிட முடிந்தது. வெளியேற்றும் நீரும் அந்த அளவுக்குக் குறைந்தது. மறுபுறம், கனிமமற்ற நீர் உலோகத்தை அரிக்கும் தன்மை உடையதால், படிவுத் தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டு, செம்புக் குழாய்களைக் காக்கும் அசோல் வகை அரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்த்தனர். உற்பத்திப் பிரிவின் பார்வையில் இது முழு வெற்றி. கழிவுநீர் நிலையத்துக்குச் சென்ற ஒரே தகவல், இனி நாளொன்றுக்கு 720 கன மீட்டருக்குப் பதிலாக 600 கன மீட்டரே வரும் என்பதுதான். சுமை குறைகிறது என்ற அளவில் அங்கே அது மகிழ்ச்சியாகவே வரவேற்கப்பட்டது.

காணப்பட்டவை

உற்பத்தித் தொகுதிகளும் மாறிய சில வாரங்களுக்குப் பிறகு, வெளியேறும் நீரில் அம்மோனியா மெல்ல ஏறத் தொடங்கியது. முதலில் 10, பிறகு 25 என்று ஏறி, மழை வலுத்த நாள்களில் 55-ஐத் தாண்டியது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு, அம்மோனியா நைட்ரஜனுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதே காலத்தில் தெளிவிப்பானில் கசடு சரியாகப் படியவில்லை. படிந்த கசடு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைக் காட்டும் பருமக் குறியீடு 110 அளவிலிருந்து 190-க்குச் சென்றது. கரிமப் பொருள் நீக்கம் மட்டும் ஏறக்குறைய முன்போலவே இருந்தது.

மழையின்மீது பழி போடுவது எளிதாக இருந்தது. ஆலை வளாகத்தின் மழைநீர் ஓரளவு கழிவுநீர்க் குழிகளில் கலப்பது உண்மையே. ஆனால் மழைநீர் கலந்தால் அம்மோனியாவின் செறிவு குறைய வேண்டுமே அன்றிக் கூடக் கூடாது. மழை ஓய்ந்த பின்னும் எண்கள் இறங்காததால் அந்த விளக்கம் தானாகவே கைவிடப்பட்டது.

இந்த எண்களை நிர்வாகம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அந்த நினைவு ஆறாத பகுதி இது. கழிவுநீரில் கரைந்த அம்மோனியம் வேறு, குழாயிலிருந்து கசிந்த வாயு வேறு என்று எந்த அறிக்கையில் விளக்கினாலும் காதில் விழுவது அந்த ஒரு பெயர் மட்டுமே. எனவே, வரம்பைத் தாண்டிய நீரை வெளியே விடாமல் காப்புக் குளத்தில் தேக்குவதென்றும், குளம் நிறையாதபடி உற்பத்தியைக் குறைப்பதென்றும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்துமூலம் தெரிவிப்பதென்றும் முதல் வாரத்திலேயே முடிவானது. பின்னர் நடந்தவற்றை அவசரமின்றிச் செய்ய வழிவகுத்தது இந்த முடிவுதான்.

முதல் இரண்டு ஐயங்கள்

சுற்றுச்சூழல் பொறியாளர் ஆக்ஸிஜனை ஐயப்பட்டார். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ 4.57 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும். அம்மோனியாவின் செறிவு கூடியிருப்பதால் காற்று போதவில்லை என்பது அவருடைய கணக்கு. காற்று ஊதும் இயந்திரமான புளோயரில் இரண்டாவதையும் ஓட்டிப் பார்த்தார், பயன் இல்லை. கரைந்த ஆக்ஸிஜன் முன்பு 2 அளவில் இருந்தது இப்போது 4-க்குப் போயிருந்தது. பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டியபோது, இரண்டாவது புளோயரை ஓட்டத் தொடங்குவதற்கு முன்பே அது ஏறத் தொடங்கியிருந்தது தெரிந்தது. காற்றைக் கூட்டாமலே தொட்டியில் ஆக்ஸிஜன் மிஞ்சுகிறது என்றால், அதைச் செலவழித்துக்கொண்டிருந்த உயிரிகள் வேலையை நிறுத்திவிட்டன என்று பொருள். இந்தக் குறிப்பு பதிவேட்டிலேயே கிடந்தது. அதைக் குறையாக இல்லாமல் நிறைவாகவே படித்து வந்தார்கள்.

நுண்ணுயிரியலாளரின் ஐயம் நச்சின்மேல். நைட்ரஜன் ஏற்றம், அதாவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலை, செய்யும் பாக்டீரியங்கள் மெதுவாக வளர்பவை, சிறிய நச்சுக்கும் துவளுபவை. நீர் மாறியதோடு அரிப்புத் தடுப்பு மருந்தும் மாறியிருக்கிறது என்பதை வினவி அறிந்து, அதையே முதல் குற்றவாளியாக நிறுத்தினார். அவர் நுண்ணோக்கியில் கண்டதை நானும் பார்த்தேன். வழக்கமாகக் கசடுத் திரளின் விளிம்பில் காம்போடு நின்று சுருங்கி விரியும் மணி வடிவ ஓரணு உயிரிகள் ஏறக்குறைய மறைந்திருந்தன. அவற்றின் இடத்தில், உண்மையாகவே கிளைபிரியும் தடித்த பூஞ்சை இழைகள் திரளுக்குத் திரள் நீண்டு கிடந்தன. கசடு படியாததற்குக் காரணம் அந்த இழைகளே. ஆனால் பூஞ்சை தழைக்கும் சூழல் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது அமிலத்தன்மை; நச்சு அதற்குப் பின்னால்தான்.

பிஎச் சரியாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். மானி 7.2 காட்டியது, அது பொய்யும் அன்று. அந்த மானி இருந்தது சமநிலைத் தொட்டியில். காற்றூட்டத் தொட்டியில் பிஎச் அளக்கும் வழக்கம் ஆண்டுகளாகவே இல்லை, ஏனெனில் அங்கே அது ஒருபோதும் அசைந்ததில்லை. கையடக்க மானியை எடுத்துப் போய் அளந்தபோது, தொட்டியின் கடைக்கோடியில் 6.1.

சுண்ணாம்பு படியாத விளிம்பு

நாங்கள் அளந்துகொண்டிருந்ததைப் பார்த்த, நிலையத்தை இயக்கும் மூத்த பணியாளர் ஒருவர், தெளிவிப்பானில் நீர் வழியும் பல்விளிம்பைக் காட்டினார். "சார், முன்னெல்லாம் மாசத்துக்கு ஒருதரம் இந்தப் பல்லுல கட்டுற சுண்ணாம்பைச் சுரண்டி எடுப்போம். இப்போ சுரண்டவே வேலை இல்ல, பழசும் கரைஞ்சு போச்சு" என்றார். உண்மைதான், வெள்ளைப் படிவு இருந்த இடத்தில் சரளைக்கல் தெரியும் வெறும் கான்கிரீட் இருந்தது. படிவு நின்றது மட்டும் என்றால் நீர் மென்மையாகிவிட்டது என்று விட்டுவிடலாம். பழைய படிவும் கரைந்திருப்பதால், அந்த நீர் சுண்ணாம்பைத் தேடி அரிக்கிறது என்றாகிறது.

ஆலையின் ஆய்வகத்தில் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் திறன், அளப்பது கொதிகலன் நீருக்கு மட்டும் உரிய சோதனை. கழிவுநீருக்கு அதைச் செய்யச் சொன்னவர் யாரும் இல்லை. கொதிகலன் பதிவேட்டிலிருந்து பழைய கிணற்று நீரின் எண்களை எடுத்துக் கணக்கிட்டபோது, கோபுரத்துச் சுழற்சியில் செறிவடைந்ததையும் சேர்த்து, முன்பு கழிவுநீர் நிலையத்துக்கு வந்த நீரில் கால்சியம் கார்பனேட் அளவீட்டில் லிட்டருக்கு ஏறத்தாழ 550 மில்லிகிராம் காரத்தன்மை இருந்திருக்கிறது. இப்போது அளந்ததில் கிடைத்தது 150.

ஒவ்வொரு அம்மோனியம் அயனியும் நைட்ரேட்டாகும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிவருவதால், ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் முழுதாக நைட்ரேட்டானால் ஏறத்தாழ 7.14 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். முன்பு உள்ளே வந்த அம்மோனியா 75. அதில் 20 போலக் கசடின் உடல் வளர்ச்சிக்கே போய்விட, நைட்ரேட்டாக வேண்டியது 55, அதற்குத் தேவையான காரத்தன்மை 390. 550 இருந்ததால் மிச்சமே இருந்தது. நீர் மாறிய பின் அதே அம்மோனியா 600 கன மீட்டரில் அடங்கியதால் செறிவு 90 ஆனது; நைட்ரேட்டாக வேண்டியது 70, தேவை 500, இருப்பு 150. அந்த 150-இல் 100 செலவானாலே பிஎச் சரியத் தொடங்கும். 14 மில்லிகிராம் அம்மோனியாவுக்கு மேல் மாறாது. மீதி 56. ஆய்வகம் நாள்தோறும் எழுதிவந்த எண்ணும் இதை ஒட்டியே இருந்தது. வரத்து குறைந்தது நல்லது என்று மகிழ்ந்த அதே மாற்றம், தேவையைக் கூட்டி இருப்பைக் குறைத்து இரு பக்கமும் அழுத்தியிருக்கிறது.

எரிசோடா விட்டு பிஎச் 7-ஐ எட்டுவது காரத்தன்மை தருவதாகாது. பிஎச் அந்தக் கணத்தில் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனியின் செறிவை மட்டும் சொல்லும். அடுத்து வரப்போகும் அமிலத்தைத் தாங்க எவ்வளவு பைகார்பனேட் உள்ளது என்பதைச் சொல்லாது. வேதிப் பொறியாளர் இதைக் கல்லூரியிலேயே படித்தவர். அமிலம் உருவாகும் இடம் ஒரு உயிரியல் தொட்டி என்பதால் அது தம் எல்லைக்கு வெளியே என்று அவர் கருதியிருந்தார். பைகார்பனேட் தாங்கு பொருள் மட்டுமன்று என்பது நுண்ணுயிரியலாளர் சேர்த்த குறிப்பு: இந்தப் பாக்டீரியங்கள் கரிமப் பொருளை உண்பதில்லை, கனிமக் கார்பனிலிருந்தே உடலைக் கட்டுகின்றன என்பதை 1890-களின் தொடக்கத்திலேயே ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி நிறுவியிருக்கிறார். ஆகவே அவற்றுக்கு அது உணவும்கூட.

குடுவைச் சோதனை

கணக்கு பொருந்தியது என்பதற்காக நச்சு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும். எனவே கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விற்கும் சிறு காற்றுப் பம்புகளை வாங்கி, தொட்டியின் கசடை ஐந்து கண்ணாடிக் குடுவைகளில் எடுத்துக் காற்றூட்டினோம். ஒன்று உள்ளபடியே. இரண்டாவதில் சோடியம் பைகார்பனேட். மூன்றாவதில் பிஎச் 7.3 ஆகும்வரை எரிசோடா மட்டும். நான்காவதில் பைகார்பனேட்டோடு, கழிவுநீரில் இருக்கக்கூடிய அளவைப்போல் இரு மடங்கு அரிப்புத் தடுப்பு மருந்து. ஐந்தாவதில் பைகார்பனேட்டோடு, நைட்ரஜன் ஏற்றத்தை நிறுத்துவதென்று நன்கு அறியப்பட்ட அல்லைல்தயோயூரியா.

மறுநாள் மாலைக்குள் இரண்டாம் குடுவையில் அம்மோனியா பாதிக்கும் கீழே இறங்கியது. நான்காம் குடுவையும் ஏறக்குறைய அதே வேகத்தில் இறங்கியது. ஐந்தாவதில் அசைவில்லை, ஆகவே நாங்கள் அளப்பது நைட்ரஜன் ஏற்றத்தைத்தான், வெறும் ஆவியாதலை அன்று என்பது உறுதியானது. எல்லாவற்றிலும் பாடம் சொன்னது மூன்றாம் குடுவை: முதல் சில மணி நேரம் நன்றாகவே இறங்கி, பிறகு நின்றுவிட்டது, பிஎச் மீண்டும் 6.2. அரிப்புத் தடுப்பு மருந்து அந்த அளவில் குற்றமற்றது என்பதை நுண்ணுயிரியலாளர் தயக்கமின்றி ஏற்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

காற்றூட்டத் தொட்டியில் நேரடியாக எரிசோடாவைக் கூட்டி விடலாம் என்ற யோசனை முதலில் நிராகரிக்கப்பட்டது. அம்மோனியாவும் அம்மோனியமும் பிஎச்சைப் பொறுத்துப் பங்கு பிரித்துக்கொள்பவை. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 6-இல் கட்டற்ற அம்மோனியா ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, 8.5-இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 56 மில்லிகிராம் தேங்கியுள்ள தொட்டியில் கைதவறி எரிசோடா கூடினால், கட்டற்ற அம்மோனியா 11-ஐத் தொடும். அதற்கான வரம்பு 5, பாக்டீரியங்களுக்கும் அவ்வளவு ஆகாது. இதே காரணத்தால்தான், பிஎச் 6-இல் சாதுவாகத் தெரியும் நீர், பிஎச் 8 அளவிலுள்ள கழிமுக நீரில் கலந்தபின் மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சாகிறது. குளத்தில் தேக்கிய நீரை "அமிலத்தில்தானே இருக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது என்ற நிலையில் சுற்றுச்சூழல் பொறியாளர் உறுதியாக நின்றார்.

விற்பனையாளர் ஒருவர் பரிந்துரைத்த பாக்டீரியப் பொடியும் வேண்டாம் என்றானது. உயிரிகள் குறைந்திருக்கின்றன, அழியவில்லை என்பதை இரண்டாம் குடுவை காட்டிவிட்டது. உணவில்லாத வீட்டில் விருந்தாளியைக் கூட்டிப் பயனில்லை. சுண்ணாம்பு மலிவானது, ஆனால் நுண்குமிழ்க் காற்றுத் தட்டுகளை அடைத்துவிடும். உடனடித் தீர்வாகத் தேர்ந்தது சோடியம் பைகார்பனேட்: எவ்வளவு கொட்டினாலும் பிஎச் 8.3-ஐச் சுற்றியே நிற்பதால் இரவுப் பணியில் கைதவறினாலும் ஆபத்தில்லை. தேவையான 500-உடன் வெளியேறும் நீரில் எஞ்ச வேண்டிய 100-ஐயும் சேர்த்து, இருப்பு 150-ஐக் கழித்தால் பற்றாக்குறை 450, ஆகவே நாளொன்றுக்கு 450 கிலோ அளவில் தேவைப்பட்டது. விலையும், கூடும் சோடியமும் இதை நிரந்தரமாக்க இடம் தரவில்லை.

மீட்சி

பிஎச் முதல் சில நாள்களிலேயே 7-ஐத் தாண்டியது. அம்மோனியா மூன்றாம் வாரத்தில்தான் 5-க்குக் கீழே வந்தது. இடையில் ஒரு குழப்பம் நேர்ந்தது. இரண்டாம் வாரத்தில், நீரில் எஞ்சிய கரிமப் பொருளைக் காட்டும் வேதி ஆக்ஸிஜன் தேவை திடீரென்று கூடியதாக ஆய்வகம் காட்ட, கசடு செத்துவிட்டதோ என்று உற்பத்திப் பிரிவு பதறியது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியங்கள் முதலில் மீண்டு, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குபவை பின்தங்கியிருந்த இடைக்காலம் அது. ஒரு மில்லிகிராம் நைட்ரைட் நைட்ரஜன் அந்தச் சோதனையில் ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலான ஆக்ஸிஜன் தேவையாகத் தோன்றும். ஆய்வக வேதியியலர் நைட்ரைட்டை நீக்கும் சல்பாமிக் அமிலம் சேர்த்துச் சோதனையைத் திரும்பச் செய்ததும் அந்தக் கூடுதல் மறைந்தது. பூஞ்சை இழைகள் குறையக் கூடுதல் காலம் பிடித்தது. கசடு ஒழுங்காகப் படிய ஒரு மாதத்துக்கு மேலானது.

நிலையான ஏற்பாடு

தொலைநோக்கில் பார்த்தால், செலவான காரத்தன்மையில் பாதியைத் தொட்டிக்குள்ளேயே திரும்பப் பெற வழி இருக்கிறது. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் வேறு பாக்டீரியங்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவை வெளிவிடும்போது, ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 3.57 மில்லிகிராம் காரத்தன்மை மீள்கிறது, 2.86 மில்லிகிராம் ஆக்ஸிஜனும் மிச்சமாகிறது. காற்றூட்டத் தொட்டியின் முதல் மூன்றில் ஒரு பகுதியைச் சுவர் எழுப்பிப் பிரித்து, காற்றை நிறுத்தி, கலக்கிகளை மட்டும் இறக்கினார்கள். தொட்டியின் கடைசியிலிருந்து நைட்ரேட் நீரையும், தெளிவிப்பானிலிருந்து கசடையும் சேர்த்து, வரும் நீரைப்போல் இரு மடங்கு அளவு அங்கே திருப்பிவிடப்படுகிறது. கணக்குப்படி மூன்றில் இரு பங்கு நைட்ரேட் அங்கே நீங்கும். 160 அளவில் காரத்தன்மை திரும்பும். எஞ்சிய 290-க்கு மெக்னீசியம் ஹைட்ராக்சைடு குழம்பு, நாளொன்றுக்கு 100 கிலோ. மெல்லக் கரைவது அதன் குறையென்று சொல்வார்கள்; இங்கே அதுவே வசதி.

தனித்தனியாகப் பார்த்தால் இந்த ஏற்பாடு எந்தத் துறைக்கும் முழுதாக உரியதன்று. சுவரும் கலக்கியும் சுற்றுச்சூழல் பொறியாளரின் வரைபடம், சுழற்சி விகிதம் வேதிப் பொறியாளரின் பொருண்மைக் கணக்கு, காற்றை எந்த அளவுக்கு அடக்கினால் எந்த உயிரி விழிக்கும் என்பது நுண்ணுயிரியலாளரின் தீர்ப்பு. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது, நான் அறிந்தவரை, அப்போதுதான் முதல் முறை. இரண்டாவது புளோயர் இப்போது பெரும்பாலும் ஓய்வில் இருக்கிறது.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

காற்றூட்டத் தொட்டியின் கடைசியில் பிஎச் மானி பொருத்தப்பட்டது; உள்ளே வரும் நீரிலும் வெளியேறும் நீரிலும் காரத்தன்மை நாள்தோறும் அளக்கப்படுகிறது. வெளியேறும் நீரில் அது 100-க்குக் கீழே போனால், அம்மோனியா ஏறும்வரை காத்திராமல் குழம்பின் அளவைக் கூட்டுவதென்பது நடைமுறை. நீர் ஆதாரமோ, கொதிகலன், குளிர்விப்புக் கோபுர மருந்தோ மாறினால், கழிவுநீர் நிலையத்தின் ஒப்புதல் கையெழுத்தின்றி மாற்றக் கூடாது என்ற விதியும் வந்துள்ளது. இதை நான் மிக முதன்மையானதாகக் கருதுகிறேன். மானி எத்தனை வைத்தாலும், மாற்றம் நடப்பதே தெரியாவிட்டால் எண்ணைப் படிக்கத் தெரியாது.

இன்னும் தீராதவை இரண்டு. பிரித்த பகுதி வேலை செய்யக் கரிமப் பொருள் வேண்டும். உற்பத்தி குறையும் பண்டிகைக் கால விடுமுறை நாள்களில் அது போதாமல், காரத்தன்மை மீட்பு குறைகிறது, அப்போதைக்கு மூட்டை பைகார்பனேட்டையே நாட வேண்டியிருக்கிறது. மற்றது, பல்விளிம்பிலும் தொட்டிச் சுவரிலும் ஏற்கெனவே அரித்துப்போன கான்கிரீட். சரளை வெளித்தெரியும் இடங்களைச் செப்பனிட அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தின்போது தொட்டியைப் பகுதி பகுதியாக வற்றவிடத் திட்டமிட்டிருக்கிறார்கள்; கசடின் ஒரு பகுதியை அதுவரை காப்புக் குளத்தில் காற்றூட்டி உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பை நுண்ணுயிரியலாளர் ஏற்றிருக்கிறார்.